பெருங்களத்தூரில் இறங்கிக்கொள்கிறேன் என்றேன்

சார்,

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் மகன் வந்து உங்கள் காரை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் போனான். நிறுத்தியே வைத்திருந்தால் பேட்டரி செத்துவிடுமாம். அதனால் வாரம் ஒருமுறை குரோம்பேட்டைத் தெருக்களில் ஒரு சுற்று. வழக்கம்போல நானும் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் கிராம்பு வாசனை. வண்டி ஓட்டும்போதெல்லாம் தூக்கம் வராமலிருக்க ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அதன் மிச்சம். சீட்டைத் துடைத்தாயிற்று, கண்ணாடியை எல்லாம் இறக்கி வெயிலில் வைத்தாயிற்று, போகமாட்டேன் என்கிறது. போகவேண்டாம் என்றுதான் எனக்கும். வாசனை டப்பா எதையும் வாங்கி உள்ளே வைத்துவிடாதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவன் ஓட்டுகிற வேகத்துக்கு நீங்கள் இருந்திருந்தால் முதல் திருப்பத்திலேயே இறங்கி நடந்து வந்திருப்பீர்கள். நாம் கொடைக்கானல் போனபோது உங்கள் வேகத்தைப் பார்த்து, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நம்மை முந்திக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? "சார், அடுத்து மாட்டு வண்டிதான் பாக்கி" என்றேன். நீங்கள் அசரவில்லை. "சூட்டைக் கூட்டினா எதுவும் சீக்கிரம் கொதிக்கும் டீச்சர். ஆனா பொங்கி வெளிய வந்துடும்" என்றீர்கள். காரில் உட்கார்ந்தும் பாடம்தான்.

கல்யாணம் ஆனபிறகும் நான் உங்களை சார் என்றேன், நீங்கள் என்னை டீச்சர் என்றீர்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒரே பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் அத்தனை வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்தவர்கள் வேறு எப்படிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்? உங்களுக்கு கெமிஸ்ட்ரி, எனக்குக் கணக்கு. உங்கள் மனைவி போனபோது நாங்கள் எல்லோரும் வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் போனபோது நீங்கள் வந்தீர்கள், வந்து உட்காரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை என்று பார்த்து, யாரிடமும் கேட்காமல் வாடகைக் கடைக்குப் போய் எடுத்து வந்து போட்டுவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் என்ன சொன்னார்கள் என்பது மறந்துவிட்டது. அந்த நாற்காலிகள் மட்டும் மறக்கவில்லை.

இருவரும் ரிடையர் ஆனபிறகு ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தோம். கையில் முளைக்கீரைக் கட்டை வைத்துக்கொண்டு, "தனியா சமைச்சு தனியா சாப்பிடறது என்னவோ மாதிரி இருக்கு டீச்சர். நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். நான் உங்களுக்குச் சமையலுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவின் போன் நம்பரைக் கொடுத்தேன். நீங்களும் மரியாதையாக அதை வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அடுத்த வாரம் வேறு மாதிரி கேட்டபிறகுதான் எனக்கு விளங்கியது. கணக்கு டீச்சர் என்று பெயர், அவ்வளவுதான்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். என் மகனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். உங்களிடம் ப்ளஸ் டூ படித்தவன், உங்களைக் கண்டால் தானாகக் கையைக் கட்டிக்கொள்கிறவன். வாசலுக்கு வந்ததும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, கொஞ்ச நாள் வெளிய தெரிய வேணாம்மா. என் மாமனார் வீட்டுல என்ன சொல்லுவாங்களோ தெரியல. ஃப்ளாட்லயும் பேசுவாங்க. கொஞ்சம் ஆறட்டும்."

ஆறுவதற்கு அப்படி என்ன சூடாக நடந்துவிட்டது என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் முந்திக்கொண்டு "சரிப்பா" என்றுவிட்டீர்கள். அன்று நான் அவனோடு இரும்புலியூர் ஃப்ளாட்டுக்குப் போனேன், நீங்கள் குரோம்பேட்டைக்குப் போனீர்கள். மாலையும் கழுத்துமாக வந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்து போனதைப் பார்த்து ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

பயணம் உங்கள் யோசனை. கல்யாணம் செய்துகொண்டு ஒரு ஊருக்குக்கூடப் போகாமல் எப்படி என்று போனில் கேட்டீர்கள். கொடைக்கானல், அங்கிருந்து மதுரை, பிறகு திரும்பல். ஃப்ளாட்டில் இருந்தவர்களிடம் மகன், அம்மா ரிடையர்டு டீச்சர்களோடு வேனில் டூர் போகிறாள் என்று சொன்னான். நான் பெருங்களத்தூரில் உங்கள் காரில் ஏறுவது, திரும்பும்போது பெருங்களத்தூரிலேயே இறங்கி ஆட்டோவில் வீட்டுக்குப் போவது. இதுதான் ஏற்பாடு. நீங்கள் அதற்கும் "சரி" என்றீர்கள். உங்களுக்கு எதற்குத்தான் கோபம் வரும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பொங்கல் வைத்து முடித்த கையோடு கிளம்பினேன். பெருங்களத்தூரில் பையோடு நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு கண்டக்டர், "மதுரையா, ஏறும்மா, சீட்டு கீது" என்று பையையே பிடித்துவிட்டார். பையை மீட்டுக்கொண்டு திரும்பினால், நீங்கள் தள்ளிப் போய் வண்டியை நிறுத்திவிட்டு, பஸ்ஸுக்கு வழிவிட்டுப் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தீர்கள். ஓடிவந்து ஏறினேன். திருடிவிட்டு ஓடுகிறவர்கள்கூட அப்படிக் கதவைச் சாத்தியிருக்கமாட்டார்கள்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி நிறைந்து கிடந்தது. அந்த வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். மடியில் குழந்தை, காலடியில் பை, பக்கத்தில் நிற்பவரின் முழங்கை. ஏரி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் ஓரமாக நிறுத்தி, "அவளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்" என்றீர்கள். உங்கள் மனைவியைச் சொன்னீர்கள். எனக்கு அது கொஞ்சமும் உறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் திருச்சி பைபாஸ் வந்தால் போதும், எந்தக் கடையில் பரோட்டா நன்றாயிருக்கும் என்று ஆரம்பித்துவிடுவார் என்று நானும் சொன்னேன். அப்படியே பேசிக்கொண்டு போனோம். உண்மையைச் சொன்னால் அந்தக் காரில் நாலு பேர் போனோம் சார். ஒருவருக்கும் இடம் பற்றாமல் போகவில்லை.

வத்தலகுண்டு தாண்டி மலை ஏறும்போது எனக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, எதிரில் வருகிறவனுக்கு வழிவிட்டு, நின்று, மறுபடி கிளம்பி, ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தோம். நீங்கள் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனீர்கள், நான் குளிர் தாங்காமல் லாட்ஜுக்குள் ஓடினேன். கவுன்ட்டரில் இருந்தவர் உங்கள் பெயரில் ரூம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "சார் உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார். சும்மா பேச்சுக்குக் கேட்டது. நான் யோசிக்கவே இல்லை. "எங்க ஸ்கூல் கெமிஸ்ட்ரி சார்" என்றேன்.

நீங்கள் பெட்டியோடு உள்ளே வந்தபோது கவுன்ட்டரில் இரண்டு சாவிகள் இருந்தன. "பக்கத்துப் பக்கத்து ரூமே போட்டுட்டேன் சார். ஒரு பார்ட்டி வரல, உங்களுக்கு அதிர்ஷ்டம்" என்றார் அவர். நீங்கள் சாவிகளைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது. "ரொம்ப தேங்க்ஸுங்க" என்று இரண்டையும் எடுத்துக்கொண்டீர்கள். மாடிப்படியில்தான் கேட்டீர்கள்: "கணக்கு டீச்சருக்கு எந்த ரூம் வேணும்?"

அன்று வராந்தாவில் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு, இருட்டும்வரை டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவரவர் அறைக்குப் போனோம். நடுவில் ஒரு சுவர். நீங்கள் இருமுவது கேட்டது. சுவரை இரண்டு தடவை தட்டினீர்கள், நானும் தட்டினேன். கல்யாணம் செய்துகொண்ட மனுஷர் பக்கத்து அறையில் இருமுகிறார், நான் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. காலையில் நீங்களே கீழே போய் ஒரு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த மனிதர் மட்டும் அதன்பிறகு என்னைப் பார்த்தபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு "வணக்கம்மா" என்றார்.

ஏரியைச் சுற்றி நடந்ததுதான் எனக்கு அந்தப் பயணத்திலேயே பிடித்த பொழுது. தண்ணீர் மேலே பனி புகை மாதிரி நின்றது. சைக்கிள்காரர்கள், குதிரைகள், சுட்ட சோளம். அங்கே நம்மைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அந்த நினைப்பே ஒரு சால்வை மாதிரி இதமாக இருந்தது. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதில் இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், நடந்து பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்பேன். சாக்பீஸ் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு ஏறிய விரல்கள். எனக்கும் அதே இடத்தில் காய்ப்பு.

வாத்தியார் வேலை பார்த்தவர்கள் எந்த மலைக்குப் போனாலும் தப்பமுடியாது என்பதை மறந்துவிட்டோம். "மேம்! சார்!" என்று ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள். நம் பள்ளிக்கூடத்தில் படித்த பெண். நான் உங்கள் கையை உதறினேன். விட்டேன் என்று சொல்ல முடியாது, உதறினேன். அவள் குனிந்து இருவர் காலையும் தொட்டாள். "ஸ்கூல் டூரா மேம்? வேற யாரெல்லாம் வந்திருக்காங்க?" என்று கேட்டு நாலுபக்கமும் தேடினாள். நீங்கள்தான், "இல்லம்மா, நாங்க ரெண்டு பேர்தான் வந்திருக்கோம்" என்றீர்கள், மழை பெய்கிறது என்பதுபோல. அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை நம்மிடம் காட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு நீங்கள், நான் உதறிய கையை ஸ்வெட்டர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டீர்கள். ஏரி முடிகிறவரை அது பாக்கெட்டிலேயே இருந்தது.

மதுரையில் நாயக்கர் மகாலின் தூண் ஒன்றை நீங்கள் ஒருபக்கமும் நான் ஒருபக்கமும் கட்டிப்பிடித்துப் பார்த்தோம். கைகள் எட்டவில்லை. காவலாளி வந்து, "பெரியவரே, தூணைத் தொடக்கூடாதுங்க" என்று அதட்டியதும், வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்ட பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டீர்கள். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அம்மன் சந்நிதியில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். உங்கள் பெயரை முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். எத்தனையோ வருடம் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு இரண்டு வரி மேலே பார்த்த பெயர். வெளியே வந்தபோது அது புதிதாக இருந்தது. "நட்சத்திரம்?" என்றார் பட்டர். விழித்தேன். நீங்கள் எந்தக் கடை ரிஃபில் வாங்குவீர்கள், எந்த வகுப்புக்குப் போக அலுத்துக்கொள்வீர்கள், மோரில் உப்பு எவ்வளவு போடுவீர்கள் என்று எல்லாம் தெரியும். நட்சத்திரம் தெரியாது. நீங்கள் பின்னால் இருந்து, "அனுஷம்" என்று சொல்லி, "அவங்களுக்குப் பூரட்டாதி" என்றும் சேர்த்தீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பிறந்த நட்சத்திரத்துக்கு வருஷா வருஷம் ஸ்டாஃப் ரூமுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தது யாரு டீச்சர்? சாப்பிட்டவனுக்கு ஞாபகம் இருக்காதா?" என்றீர்கள்.

மதுரையை விட்டுக் கிளம்பும்போது ஒரே ஒரு தடவை கேட்டீர்கள். "பெருங்களத்தூர்லயே இறங்கிக்கிறீங்களா டீச்சர்?"

"ஆமா சார். பேசினபடியே இறங்கிக்கறேன்."

பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் ஒரே நாளில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பரனூர் டோல்கேட்டிலிருந்தே வண்டிகள் ஊர்ந்தன. கூடுவாஞ்சேரி வருவதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டது. உங்கள் வேகத்தை அன்றைக்கு நான் குறை சொல்லமுடியவில்லை. ஊரே உங்கள் வேகத்தில்தான் போனது. வண்டலூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், வாயில் கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் தள்ளிக்கொண்டீர்கள்.

பெருங்களத்தூரில் நீங்கள் ஓரம் கட்டப் பார்த்தீர்கள், ஓரமே இல்லை. பாதி ரோட்டில், பாதி ஓரத்தில் நிறுத்தினீர்கள். நான் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தேன். அதற்குமேல் முடியவில்லை. ஒரு கால் ரோட்டில், ஒரு கால் காரில். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது, இன்னொரு பஸ் அடித்தது. பக்கத்தில் ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்: "இன்னா பெரியவரே, வண்டிய குறுக்க போட்டுகினு நிக்கிற! யம்மா, எறங்குறதுன்னா எறங்கு, இல்லாங்காட்டி கதவ சாத்து. ஏம்மா ரோட்ல பேஜார் பண்ணிகினு கீற?"

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பாமல், எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க டீச்சர். இடதுபக்கம் பைக் வருது" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஏன் இறங்குகிறாய் என்று கேட்டிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். இந்த மனிதர் எனக்கு யார்? நான் இறங்கி ஆட்டோ பிடித்து, வேனில் வந்தேன் என்று பொய் சொல்லவேண்டும். இவர் தனியாகக் குரோம்பேட்டைக்குப் போய், தனியாகக் கதவைத் திறந்து, தனியாகச் சோறு வைத்துக்கொள்ளவேண்டும். எதற்காக? நாங்கள் என்ன செய்துவிட்டோம்? காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தினேன். சாத்திய வேகத்தில் ஆட்டோக்காரரே வாயை மூடிக்கொண்டார்.

"இரும்புலியூருக்குப் போங்க சார். வீட்டு வாசல்லயே நிறுத்துங்க."

நீங்கள் கிராம்பை விழுங்கிவிட்டீர்கள். இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, கியரை மாற்றிப் போட்டு, வண்டி அணைந்து, மறுபடி கிளப்பி, பின்னால் இருந்த பஸ்ஸெல்லாம் சேர்ந்து அடித்த ஹாரனில் ஒருவழியாகக் கிளம்பினோம்.

ஃப்ளாட் வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "டூர் எப்படி இருந்துச்சு? வேன்ல வருவீங்கன்னு பாத்தேன்" என்று உங்களை எட்டிப் பார்த்தார். என் குரல் நடுங்கவில்லை; எத்தனை வகுப்புகளைக் கட்டி மேய்த்த குரல். "வேன்ல போகலைங்க. இவரோட கார்ல போயிட்டு வந்தேன். இவர் என் வீட்டுக்காரர். கல்யாணம் பண்ணிக்கிட்டோம்" என்றேன். யாரும் மயங்கி விழவில்லை. எதிர்வீட்டு அம்மா, "அப்படியா, சொல்லவே இல்ல பாத்தீங்களா?" என்று அதற்குத்தான் குறைப்பட்டுக்கொண்டார்.

மகன் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். முகம் சிவந்திருந்தது. இறங்கி வந்து, டிக்கியைத் திறந்து, என் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினான். உங்கள் பெட்டி உள்ளேயே கிடந்தது. அதற்குள் மருமகள் ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் வீட்டார் என்ன சொல்வார்களோ என்றுதான் இத்தனை மூடுமந்திரமும். அவளிடம் அதுவரை ஒருவரும் கேட்கவே இல்லை. "வாங்க மாமா" என்றாள் உங்களைப் பார்த்து. பிறகு அவனிடம் திரும்பி, "ஏங்க, மாமா பெட்டியையும் எடுங்க" என்றாள். நீங்கள் கார்ச் சாவியை இந்தக் கையிலும் அந்தக் கையிலுமாக மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கெமிஸ்ட்ரி லேபில் ஆசிட் கொட்டியபோதுகூட உங்களை அப்படிப் பார்த்ததில்லை.

காபி குடித்துவிட்டு, நான் நாலு புடவையை எடுத்துக்கொண்டு உங்களோடு குரோம்பேட்டைக்கு வந்துவிட்டேன். மகன் வாசல்வரை வந்தான், பேசவில்லை. பிறகு பேசினான், வந்தான், போனான். ஆனால் உங்களைப் பற்றி வெளியாட்களிடம் பேசவேண்டி வந்தால் மட்டும் எதையாவது சொல்லி மழுப்புவான். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். "விடுங்க டீச்சர், சில பேருக்கு மெதுவாத்தான் கரையும்" என்பீர்கள். நமக்குக் கிடைத்த வருடங்கள் கொஞ்சம்தான். ஒருநாள் காலையில் நான் காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டீர்கள். சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் உள்ளவர், இதை மட்டும் சொல்லாமல் செய்தீர்கள். அதற்காக இன்னும் உங்கள்மேல் வருத்தம்தான், சார். இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டுப் பிறகு ஒரு பங்கு அரிசியை எடுக்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இரும்புலியூருக்கே வந்துவிடும்மா என்று மகனும் மருமகளும் கூப்பிடுகிறார்கள். போகிறேன், ஒருவேளை சாப்பிடுகிறேன், திரும்பி இங்கே வந்துவிடுகிறேன். இன்று காரை ஓட்டி முடித்து அவன் என்னை வாசலில் இறக்கிவிட்டபோது, எதிர்ப்பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "இது உங்க வீடா சார்? அம்மா மட்டும்தான் இருக்காங்களா?" என்று அவனைக் கேட்டாள்.

நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அவன் என்ன சொல்லி மழுப்பப்போகிறான் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

"என் வீடு இல்லைங்க. எங்க அம்மாவோட வீட்டுக்காரர் வீடு. அவர் தவறிட்டார்" என்றான். நடுத்தெருவில் நின்று, தலையைக் குனியாமல், நல்ல சத்தமாகச் சொன்னான்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை, சார். கதவைத் திறக்கப் பைக்குள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில்தான் வைத்திருந்திருக்கிறேன்.